தேத்தண்ணி கொடுக்காதவள்

என்னைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பியபோது அம்மா ஒரு கலியாண வீட்டுக்குச் செய்வதுபோல எல்லாம் செய்தார். மெல்பேர்ணில், டார்னெய்ட் பக்கம் மண்டபம் எடுத்தார். மேடை முழுக்க வெள்ளைப் பூ. ஆட்டிறைச்சிப் புரியாணி. எனக்கு வெள்ளைப் பட்டுச் சேலை. மன்னாரில் எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். மடத்துக்குப் போகிறவள் ஆண்டவருக்கு வாழ்க்கைப்படுகிறாள். வாழ்க்கைப்பட்டவள் பெட்டியோடு திரும்பி வரக் கூடாது.

இங்கே நடைமுறை வேறு. என்னைச் சேர்க்கவிருந்த சிட்னிக் கன்னியர் சபை, ஒரு வருஷம் வந்து தங்கிப் பார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தது. அங்கி இல்லை, வார்த்தைப்பாடு இல்லை. இரண்டு பக்கமும் சரியென்று பட்டால் மேற்கொண்டு பேசலாம். இதை நான் அம்மாவுக்கு ஆறுதலாக விளக்கினேன்.

"அப்ப அவை உன்னை வேண்டாமெண்டும் சொல்லலாமோ?"

"சொல்லலாம் அம்மா."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உன்னையோ?"

நானும் சிரித்தேன். பிறகு அவர் மண்டபத்துக்கு முற்பணம் கட்டினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். எனக்கு அவருடைய முகம் படத்தில்தான் தெரியும். மெல்பேர்ணில் அம்மா கோழித் தொழிற்சாலை ஒன்றில் குளிரில் நின்று வேலை செய்து என்னைப் படிப்பித்தார். நான் ஸ்பீச் பத்தோலஜிஸ்ட். கொன்னைப் பேச்சைத் திருத்துகிற வேலை என்று எங்கள் சனம் நினைக்கிறது. என் வேலையில் பெரும்பகுதி தொண்டை. பக்கவாதம் வந்தவர்களுக்கும் மிக வயதானவர்களுக்கும் விழுங்கும் தசைகள் சோர்ந்துவிடும். அவர்கள் குடிக்கும் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் போகும். சளி கட்டிச் சாவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வேன். நான் சொன்னால் ஆஸ்பத்திரியில் டொக்டர்மாரும் கேட்பார்கள்.

அழைப்பு எனக்கு வேலையில்தான் வந்தது. ஒரு கிழவருக்கு முன்னால் இருந்து, அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்து, "விழுங்குங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் விழுங்கியபோது என் விரல்களின் கீழே தொண்டை ஏறி இறங்கியது. அந்த நேரம் யாரோ என்னைக் கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று என்னால் எழுத முடியாது. ஓம் என்று நான் சொன்னது மட்டும் தெரியும். கடவுள் என்னைத் தேர்ந்தெடுத்தது எனக்கு வியப்பாக இருக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

மண்டபத்தில் அங்கிள் மைக்கைப் பிடித்தார். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சனத்துக்கு அவர்தான் நெடுங்காலமாகத் தலைவர். அவர் இல்லாமல் ஒரு ஞானஸ்நானமும் நடக்காது, ஒரு சண்டையும் தீராது.

"எங்கட படிச்ச பிள்ளையள் டொக்டர் மாப்பிள்ளை தேடுதுகள். இந்தப் பிள்ளை நேரா யேசுவையே பிடிச்சிட்டா! சீதனப் பேச்சும் இல்லை. மாமியாரும் மாதா, வாய் திறக்க மாட்டா!"

மண்டபம் அதிர்ந்தது. அவருடைய மனைவி, எங்கள் எல்லாருக்கும் அன்ரி, என் தலையில் பூவைக் குத்திக்கொண்டே காதோடு சொன்னார்: "தாழ்ச்சி வேணும் பிள்ளை. உனக்கு நிமிந்த கழுத்து. மடத்தில முதல் அதைத்தான் முறிப்பினம்." சொல்லிவிட்டுக் கன்னத்தில் முத்தமிட்டார்.

கடைசியில் அம்மா எழும்பி, கழுத்திலிருந்த தாலிக்கொடியைக் கழற்றினார். அப்பா இல்லாமல் போன பிறகும், முகாமிலும், படகேறி வந்த கடலிலும் கழற்றாத கொடி. மேடையில் இருந்த மாதா சுருபத்தின் கழுத்தில் அதைப் போட்டார். மகளைக் கொடுக்கும் தாய் தன் நகையையும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சனம் அழுதது. "நல்ல பாரமான கொடி" என்று அன்ரி பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது எனக்குக் கேட்டது.

சிட்னி மடம், பரமட்டாப் பக்கம் ஒரு பழைய செங்கல் வீடு. கறிவேப்பிலை வாங்க ஹரிஸ் பார்க்குக்கு நடந்து போகலாம். உள்ளே வயதான வெள்ளைக்காரச் சகோதரிகள் சிலர். வீட்டை நடத்தியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த சிஸ்டர், மெலிந்தவர், வேகமாக நடப்பவர். என் தமிழைக் கேட்டு முதல் நாளே சிரித்தார்.

"கதைக்கிறியா? நாங்க பேசுவோம்மா. நீ படிச்சதெல்லாம் செருப்போட வாசல்ல விட்டுட்டு வா. உள்ள அதுக்கு வேலை இல்ல."

விட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

கழுவிய கழிப்பறையை மறுபடி கழுவச் சொன்னார். விரித்த கட்டிலைக் கலைத்துவிட்டு மறுபடி விரிக்கச் சொன்னார். தலை முழுகுவதற்கும் அனுமதி கேட்கச் சொன்னார். எல்லாம் செய்தேன். முகம் சுளிக்காமல் செய்தேன். ஒரு நாள் கழிப்பறைக்குள் வந்து, தரையில் விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"பளபளன்னு இருக்கு. இந்த வீட்ல யாரும் இப்படிக் கழுவினதில்ல."

"நன்றி சிஸ்டர்."

"பாராட்டுன்னு நெனச்சியா? கக்கூஸ் கழுவறதுலயும் நீதான் முதல் மார்க் வாங்கணும். அதான் உன் வியாதி."

அவர் போன பிறகு அதே தரையை இன்னொரு முறை கழுவினேன், கோபத்தில். முன்னதைவிட நன்றாக வந்தது.

பிறகு ஒரு வயதான சகோதரியை என் பொறுப்பில் விட்டார்கள். ஒரு காலத்தில் பெரிய பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக இருந்தவர். இப்போது கட்டிலோடு கிடந்தார். மறதியும் கோபமும் மட்டும் மிஞ்சியிருந்தன. நான் முதன்முதல் அறைக்குள் போனபோது, இதைவிட வெள்ளையாக யாரும் கிடைக்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சோறூட்டினால் கையில் அடிப்பார். துடைத்தால் கிள்ளுவார். தேத்தண்ணி கேட்கும்போது மட்டும் குரல் மாறும். "டீ, லவ். டீ." இந்த ஊர்க் கிழவிகள் பஸ் சாரதியையும் 'லவ்' என்றுதான் அழைப்பார்கள். என் பெயரை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அனுப்பும்போது, குடிக்கிற எதிலும் தடிப்பாக்கும் மா கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நானும் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். மா கலந்த தேத்தண்ணி கூழ்போல இருக்கும்; கரண்டியிலிருந்து சொட்டாது. கிழவி அதை வாயில் வாங்குவார், என் கண்ணைப் பார்ப்பார், என் சட்டையில் துப்புவார்.

குளிர்காலத்தில் அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். இனி அதிக நாள் இல்லை என்று டொக்டர் சொன்னார். அன்று சிஸ்டர் வாசலில் நின்றபடி சொன்னார்:

"அவங்களுக்கு சாதா டீ குடு."

"குடுக்கேலாது சிஸ்டர். புரைக்கேறும்."

"தெரியும். அவங்க எப்படியும் போகப்போறாங்க. ஆசைப்பட்டதைக் குடிச்சிட்டுப் போகட்டும். டாக்டரும் சரின்னுட்டார்."

"மூச்சு முட்டித்தான் போவினம். நான் பாத்திருக்கிறன்."

"நான் உன் அபிப்பிராயம் கேக்கல. குடுன்னு சொன்னேன். இது கீழ்ப்படிதல்."

"அப்ப நீங்களே குடுங்கோ."

அவர் உள்ளே வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். "நான் குடுக்க மாட்டேன். நீதான் குடுக்கணும்."

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிழவி கிடந்தார். எங்கள் தமிழ் அவருக்கு விளங்காது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "டீ, லவ்" என்றார்.

நான் கூழைத்தான் கரைத்தேன். அவர் துப்பினார். மறுநாள் சிஸ்டர் ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆவி பறந்தது. கிழவி அதன் பக்கம் கையை நீட்டினார், எட்டவில்லை. நான் கோப்பையை எடுத்துத் தொட்டியில் ஊற்றினேன். அதற்கு அடுத்த நாளும் சிஸ்டர் கொண்டுவந்து வைத்தார். நானும் ஊற்றினேன். வேறு சகோதரிகள் கதவைத் தாண்டிப் போகும்போது உள்ளே பார்ப்பார்கள், நிற்க மாட்டார்கள். அந்த வீட்டில் கிழவிக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்க எத்தனையோ கை இருந்தது. ஆனால் அது என் கையாலேயே நடக்க வேண்டும் என்று சிஸ்டர் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

அவர் தேத்தண்ணி குடிக்காமல் செத்தார். காலையில் போனபோது வாய் திறந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. சிஸ்டர் வந்து சிலுவை அடையாளம் போட்டார். நான் சொன்னேன்: "நெஞ்சில சளி கட்டேல்ல."

அடக்கம் முடிந்த பிறகு சிஸ்டர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். அவர் மேசையில் ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது. எடுத்துக்கொள் என்றார்.

"உனக்கு இங்க அழைப்பு இல்லம்மா. யோசிச்சு, ஜெபிச்சு எடுத்த முடிவு. வீட்டுக்குப் போ."

"தேத்தண்ணிக்காகவோ?"

"அதுக்காகன்னா மன்னிச்சிருப்பேன். அவங்க இறந்து கெடக்கறாங்க, உன் வாயில வந்த முதல் வார்த்தை என்ன? நெஞ்சுல சளி இல்லன்னு. நீ ஜெயிச்சிட்டேன்னு சொன்ன."

எனக்குக் கண் எரிந்தது, அழவில்லை. "நீங்க குடுத்திருக்கலாம் சிஸ்டர். என்னை முறிக்கிறதுக்கு அவவைக் காய விட்டனீங்க."

சிஸ்டர் பிஸ்கட் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதுக்கு நான் ஆண்டவர்கிட்ட பதில் சொல்லிக்கிறேன்" என்றார். "நீ உன் பெட்டியை எடு."

இன்றைக்குக் கேட்டாலும் என் பரிசோதனை சரி என்றுதான் சொல்வேன். ஒரு மருத்துவ விசாரணைக் குழுவின் முன்னால் வைத்தால் என் பக்கம்தான் தீர்ப்பு வரும். ஆனால் மெல்பேர்ணுக்கு விமானம் ஏறியபோது, என்னைச் சூழ ஒரு குழுவும் இருக்கவில்லை. பணிப்பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அம்மா கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார். "ஆரும் கண்டவையோ?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இல்லை."

"உள்ளுக்கு வா. கதவைச் சாத்து."

குசினியில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். எல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் வெட்டினார். முடிந்ததும் கத்தியை வைத்தார்.

"ஒரு கோப்பைத் தேத்தண்ணி."

"அம்மா, அது அப்பிடியில்லை..."

"குடு எண்டினம். குடுத்திருந்தா அந்த மனுசியும் செத்திருக்கும், நீயும் சிஸ்டராகியிருப்பாய். இப்ப மனுசியும் செத்திட்டுது." மூக்கை முந்தானையால் துடைத்தார். வெங்காயம்தான். "கேட்டா, எனக்குச் சுகமில்லை, என்னைப் பாக்க வந்தனி எண்டு சொல்லு. எனக்குக் கான்சர் எண்டாலும் சொல்லு, பரவாயில்லை. அவை உன்னை வேண்டாமெண்டது மட்டும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

மாதக் கடைசி ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு அம்மா கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு, நோயாளிபோல மெல்ல நடந்து வந்தார். பீடத்தின் பக்கத்தில், அன்று மண்டபத்து மேடைக்குக் கொண்டுவந்திருந்த அதே மாதா நின்றா. அம்மாவின் கொடி அவவின் கழுத்தில் கிடந்தது. அம்மா பூசை முழுக்க அதைத்தான் பார்த்தார். நற்கருணைக்கு எழும்பியபோதும் கழுத்தைத் திருப்பவில்லை.

நான் வேறொன்றை எதிர்பார்த்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, கிழவரின் கழுத்தில் விரல் வைத்தபோது வந்த அந்தக் கேள்வி இனிக் கேட்காது என்று நினைத்திருந்தேன். கேட்டது. முழங்காலில் நின்றபோது, முன்பு கேட்ட அதே இடத்திலிருந்து, அதே மாதிரி. கதவைப் பூட்டிவிட்டு உள்ளேயிருந்து கூப்பிடுவதுபோல இருந்தது. இதைவிடக் கொடுமையாக ஒரு மனுஷன் செய்தால் அவனோடு நான் கதைக்கவே மாட்டேன்.

பூசைக்குப் பிறகு பக்கத்து மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும். அன்ரிதான் முதலில் வந்தார். அவர் பின்னால், சுவரோரக் கதிரையில், அங்கிள். ஒரு பக்கத்து வாய் கோணியிருந்தது; இடது கை மடியில் கிடந்தது. நான் மடத்தில் இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருந்தார் என்று அம்மா சொல்லியிருந்தார்.

"சிஸ்டர் வந்திட்டா!" என்றார் அன்ரி, எல்லாருக்கும் கேட்கும்படி. "என்ன, லீவோ? மடத்திலயும் லீவு குடுக்கினமோ?"

அம்மா சால்வையை இழுத்து மூடி இருமத் தொடங்கினார். அந்த இருமலைக் கேட்டதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. என் அம்மா எனக்காகப் பொய் இருமல் இருமத் தேவையில்லை.

"லீவு இல்லை அன்ரி. அவை என்னை வேண்டாமெண்டிட்டினம்."

இருமல் நின்றது.

"ஐயோ. ஏன் பிள்ளை?" அன்ரியின் கண் பளிச்சிட்டது. "அப்ப மாதாவுக்குப் போட்டது? திருப்பிக் கழட்டுவியளோ?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா முன்னுக்கு வந்தார். சால்வையை உருவித் தோளில் எறிந்தார். நோயெல்லாம் போய்விட்டது. "நான் சொல்லுறன் ஏனெண்டு. சாகக் கிடந்த ஒரு மனுசி தேத்தண்ணி கேட்டது. இவ படிச்சவவெல்லோ, குடுக்க மாட்டன் எண்டிட்டா. அதான் துரத்தினவை." தேத்தண்ணிக் கோப்பைகள் அடுக்கியிருந்த தட்டத்தைத் தூக்கி என் கையில் வைத்தார். "இந்தா. இப்ப பழகு. எல்லாருக்கும் குடு."

தட்டம் பாரமாக இருந்தது. நான் அதைக் கீழே வைத்திருக்கலாம். வெளியே கார் நின்றது, திறப்பு என் பையில் இருந்தது. ஏன் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் கை, கோழிக் குளிரில் விறைத்துக் கோணிய விரல்கள், தட்டத்தின் மற்ற விளிம்பில் இன்னும் இருந்தன. அவை விட்டபோது நான் பிடித்துக்கொண்டேன்.

வரிசை வரிசையாகக் கொடுத்தேன். கோப்பையை எடுத்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அல்லது முகத்தை மட்டும் பார்த்தார்கள். "தாங்ஸ், சிஸ்டர்" என்று ஒரு பெடியன் சொல்ல, பக்கத்தில் இருந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அங்கிளுக்கு முன்னால் வந்தேன். அவர் வலது கையை நீட்டினார். "தே... தே..." என்றார். அந்தக் குரலில் ஈரம் இருந்தது, தண்ணீருக்குள் இருந்து கதைப்பதுபோல. எனக்கு அதற்குமேல் பரிசோதனை தேவையில்லை. தட்டத்தை அடுத்தவர் பக்கம் திருப்பினேன்.

"ஏன், என்ர மனுசனுக்கு இல்லையோ?" என்றார் அன்ரி.

"அவருக்கு வெறும் தேத்தண்ணி நெஞ்சுக்குள்ள போகும் அன்ரி. ஆஸ்பத்திரியில மா தந்திருப்பினமே?"

"அந்தக் கூழோ? தலைவரா இருந்த மனுசனுக்குச் சபையில வைச்சுக் குழந்தைப்பிள்ளைக்குப் போலக் கூழ் தீத்தச் சொல்லுறியோ?" அன்ரி மண்டபத்தைப் பார்த்துச் சொன்னார்: "கண்டியளே! அங்க ஒண்டைக் காய வைச்சுச் சாக விட்டது காணாதெண்டு இங்கயும் தொடங்கிட்டா."

தேத்தண்ணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று அம்மா சத்தம் போட்டார். "குடடி!"

அங்கிளின் கை நீட்டியபடியே இருந்தது. எனக்குச் சீதனம் இல்லை என்று மைக்கில் சிரித்த வாயின் ஓரத்தால் எச்சில் வடிந்தது.

கொடுக்கக் கூடாதவர்களுக்கும் கொடுக்க ஒரு வழி உண்டு. எப்படியும் குடிப்பேன் என்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் நானே செய்திருக்கிறேன். பக்கத்தில் கீழே இருந்து, சிறிய கரண்டியால், தலையைக் குனியவைத்து நாடியை நெஞ்சோடு தாழ்த்தி, ஒவ்வொரு சொட்டாக. ஆபத்து முழுக்கப் போகாது, குறையும். நேரம் எடுக்கும், கொடுப்பவருக்கு முதுகு நோகும். சிட்னியில் அது ஒரு கட்டளையாக வந்தது. கட்டளைக்கு நான் கரண்டி எடுக்கவில்லை.

தட்டத்தைத் தரையில் வைத்தேன். ஒரு தேக்கரண்டி எடுத்தேன். கதிரைக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். அவருடைய கழுத்து என் கண்ணுக்கு நேரே வர வேறு வழி இல்லை.

"தலையைக் குனியுங்கோ அங்கிள். நாடி நெஞ்சில முட்டோணும். ஓம், அப்பிடி."

"பெரிய வியாழன் எண்டு நினைச்சிட்டா" என்றார் அன்ரி. "காலையும் கழுவி விடுவா போல." பெரிய வியாழன் பூசையில் சுவாமியார் முழங்காலில் நின்று சனத்தின் காலைக் கழுவுவார். பின்னால் சிரிப்புக் கேட்டது.

அரைக் கரண்டி வைத்தேன். இரண்டு விரலைத் தொண்டையில் வைத்தேன். "விழுங்குங்கோ." ஏறவில்லை. அவர் கண் என்னைப் பார்த்து அகன்றது. "விழுங்குங்கோ." ஏறியது, இறங்கியது. "இன்னொருக்கா. வெறுமனே." விழுங்கினார். "இப்ப ஒரு இருமல்." இருமினார். தேத்தண்ணியும் எச்சிலுமாக என் சேலையிலும் கன்னத்திலும் தெறித்தது. சட்டையில் துப்பிய கிழவியின் கண் எனக்கு ஞாபகம் வந்தது. துடைக்கவில்லை, கை இரண்டும் வேலையில் இருந்தன.

அம்மா வந்து பின்னால் நின்றார். "எழும்பு" என்றார், தணிந்த குரலில். "சனம் பாக்குது. குடுத்திட்டாய்தானே, காணும். எழும்பு."

அங்கிள் நாடியைத் தாழ்த்தியபடியே வாயைத் திறந்தார்.

"எழும்படி" என்றார் அம்மா.

தேத்தண்ணி ஆறத் தொடங்கியிருந்தது. நான் அடுத்த அரைக் கரண்டியை எடுத்தேன்.